கோப்பையின் அடியில் ஹெர்மீஸ்

அத்தியாயம் 6

எண்ணெய் வியாபாரி கிரெமோன் வீட்டுக் கூடத்தின் நடுவே, வெறும் தரையில், ஒரு மதுக்கோப்பை வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றி உப்பால் ஒரு வட்டம். உப்புக்கு வெளியே கடல்தண்ணீரால் இன்னொரு வட்டம். அதற்கும் வெளியே கிரெமோன் நின்றார். வாயில் பிரிஞ்சி இலையை மென்றுகொண்டு, நொடிக்கொரு தரம் தன் சட்டைக்குள்ளேயே தூ தூ என்று துப்பிக்கொண்டிருந்தார்.

கோராக்ஸ் தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தான்.

"கடிக்குமா?" என்று கேட்டான்.

மெலித்தா அவன் காலை மிதித்தாள்.

மெலித்தா ஏதென்ஸ் சந்தையில் மாலை கட்டி விற்பவள். கல்யாணமோ கருமாதியோ, மாலை இல்லாமல் நடக்காது என்பதால் ஊரில் எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்கும். அப்படித் திறந்த கதவுகளுக்குள் போய் வந்ததில் அவளுக்கு இன்னொரு பிழைப்பும் சேர்ந்துகொண்டது. காணாமல் போன கழுதை, கைமாறிய மோதிரம், எடுக்கவே இல்லை என்று எல்லாரும் சத்தியம் செய்கிற வெள்ளிக் கிண்ணம், எதுவானாலும் கண்டுபிடிக்க ஜனங்கள் அவளிடம்தான் வருவார்கள். கோராக்ஸ் அவளுக்குக் கூடை தூக்குகிறவன். நாற்பது வயது. முன்பு மீன் விற்றான். வாடிப்போன மீன்மேல் தண்ணீர் தெளித்துப் புதுசு போலக் காட்டினான் என்று மீன் சந்தையிலிருந்து துரத்திவிட்டார்கள். தண்ணீர் தானாகத் தெறித்தது என்பது பன்னிரண்டு வருஷமாக அவன் கட்சி. கோராக்ஸ் என்றால் காக்கை. வாய் ஓயாததால் ஊர் வைத்த பெயர்.

நடந்தது இதுதான். அன்று சாயங்காலம் கிரெமோனின் மகன் லைசிஸுக்கும், குயவர் பேட்டை தெய்சியாஸின் மகள் ரோதேக்கும் கல்யாணம். முந்தின மாலை பெண் வீட்டில் ஆண்களுக்கு விருந்து. சம்பந்திக்கென்று ஒரு புதுக் கோப்பையை எடுத்து, மதுவில் அளவாகத் தண்ணீர் கலந்து, தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தார்கள். கிரெமோனும் சம்பந்தி மனம் குளிரட்டும் என்று ஒரே மூச்சில் குடித்தார். மது வற்ற வற்ற, கோப்பையின் அடியிலிருந்து ஒரு படம் மேலே வந்தது. சிறகு முளைத்த காலணி. பாம்பு பின்னிய கோல். ஹெர்மீஸ் சாமி. மறு கையால் ஓர் இளம்பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து எங்கேயோ கூட்டிப் போகிறார்.

செத்தவர்களைப் பாதாளத்துக்குக் கூட்டிப் போவது எந்த சாமியின் வேலை என்று ஏதென்ஸில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். கல்லறையில் வைக்கிற எண்ணெய்க் குப்பிகளில் பாதிக்கு மேல் இந்தப் படம்தான். கிரெமோன் கோப்பையை மேலாடைக்குள் சுற்றிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல், வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தார். கல்யாணம் அந்தரத்தில் நின்றது.

"என் மருமகளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறாரும்மா," என்றார் மெலித்தாவிடம். "எங்க இழுத்துட்டுப் போறார்னு சொல்றதுக்குத் தனியா ஒரு சோசியக்காரன் வேணுமா?"

சகுனம் பார்க்கிறவர் எலியூசிஸிலிருந்து நாளை மறுநாள்தான் வருவார். அதுவரை யாரும் கோப்பையைத் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று மெலித்தா கேட்டதற்கே அவர் மூன்று தரம் துப்பினார். அவள் பேசாமல் தண்ணீர் வட்டத்துக்கு வெளியே முழங்கால் போட்டு, கழுத்தை நீட்டி மேலிருந்து பார்த்தாள்.

அகலமான கோப்பை. தாம்பாளத்துக்கு ஒற்றைக் கால் வைத்தது போல இருந்தது. உள்ளே கறுப்பு மினுமினுப்பு. நடுவில் வட்டத்துக்குள் செம்மண் நிறத்தில் இரண்டு உருவங்கள். ஹெர்மீஸ் முன்னால் போகிறார். அந்தப் பெண் ஒரு காலை உயர்த்தி, கூந்தலை விரித்துவிட்டு, தலை நிமிர்ந்து பின்னால் வருகிறாள். கோராக்ஸும் தன் பங்குக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"மூக்கும் முழியுமா இருக்கா. இவளுக்குப் போயி சாவு வந்துச்சே," என்றான். கிரெமோன் இன்னொரு தரம் துப்பினார்.

அவருடைய நிபந்தனை கறாராக இருந்தது. சாயங்காலம் கல்யாண வண்டி கிளம்பும் நேரத்துக்குள் இந்தப் படத்தை வரைந்தது யார், விருந்தில் கொண்டுவந்து வைத்தது யார் என்று தெரிந்தாக வேண்டும். சூனியக்காரன் பிடிபட்டால் அவனை நீதிமன்றத்துக்கு இழுத்துவிட்டுக் கல்யாணத்தை நடத்துவார். பிடிபடாவிட்டால் பெண் அவள் அப்பன் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். சாவுச் சகுனத்தால் கல்யாணம் நின்ற பெண்ணுக்கு இன்னொரு வரன் எந்தக் காலத்திலும் வராது. அது அவருக்கும் தெரியும், மெலித்தாவுக்கும் தெரியும், தூணோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த லைசிஸுக்கும் தெரியும்.

அவர்கள் வாசலைத் தாண்டும்போது லைசிஸ் பின்னாலேயே வந்தான். "எப்படியாவது கண்டுபிடிச்சுடுங்கக்கா," என்றான். அதற்குள் அப்பா கூப்பிட்டார், உள்ளே போய்விட்டான்.

குயவர் பேட்டையில் தெய்சியாஸ் சூளையைப் பற்ற வைக்காமல், வேலையாட்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். தன் பட்டறையில் சாவுப் படம் வரைகிற வழக்கமே கிடையாது என்றார். டயோனிசஸ் சாமி உண்டு, அதீனா உண்டு, கழுதைமேல் ஏறிப் போதையில் தள்ளாடும் ஹெஃபெஸ்டஸ்கூட உண்டு. செத்தவர்களுக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்றார். சம்பந்தி குடிக்கும்போது அவர் வெளியே மது கலக்கிற இடத்தில் நின்றிருந்தார்; எந்தக் கோப்பையை எடுத்து வைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அதெல்லாம் வீட்டுக்காரி விஷயம்.

மெலித்தாவுக்கு ஆள் அனுப்பியதே அந்த வீட்டுக்காரிதான். சமையல்கட்டில், நேற்றைய விருந்தின் கழுவாத பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் பதில் தெளிவாக வந்தது.

"எங்க வீட்டுலயே ஒசந்தது டெமீட்டர் கோப்பைதான். தலையில கதிர் சூடி, கையில தீவட்டி பிடிச்சு, வெள்ளாமையைக் காக்கற அந்த அம்மா நிக்கற மாதிரி படம். இதோ இந்த ஆணியிலதான் மாட்டியிருந்துச்சு. என் கையாலயே எடுத்தேன், தொடச்சேன், தட்டுல வெச்சேன்."

ஆணி காலியாக இருந்தது. மற்ற ஆணிகளில் கோப்பைகள் ஒற்றைக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆக, சமையல்கட்டிலிருந்து டெமீட்டர் கிளம்பியிருக்கிறாள். விருந்துக் கூடத்துக்கு ஹெர்மீஸ் போய்ச் சேர்ந்திருக்கிறார். நடுவில் இருபதடி நடை. யாரோ அங்கே கைவரிசை காட்டியிருக்கிறார்கள்.

பெண் எங்கே என்று மெலித்தா கேட்டாள். மாடியில், நேற்று இரவிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாளாம். கல்யாணக் குளியலுக்கு ஊற்றிலிருந்து கொண்டுவந்து காய்ச்சிய தண்ணீர் ஆறிப்போயும் கீழே வரவில்லையாம். "தொந்தரவு பண்ணாதீங்கம்மா. அழுது ஓயட்டும்," என்றாள் தாய்.

பேட்டையில் சாவு ஹெர்மீஸை நன்றாக வரைகிறவன் யார் என்பதுதான் அடுத்த கேள்வி. தெய்சியாஸ் யோசிக்கவே இல்லை. மூன்றாவது தெரு பாலைமோன். கல்லறைக் குப்பிகளைத் தவிர வேறு எதையும் தொடமாட்டான். அதோடு நிற்கவில்லை: இரண்டு வருஷம் முன்னால் அவன் ரோதேயைப் பெண் கேட்டு வந்தான், தெய்சியாஸ் முகத்தில் அடித்தாற்போல மறுத்துவிட்டார்.

கோராக்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெருவில் நடக்கும்போதே, "ஆளு, ஆத்திரம், தூரிகை மூணும் ஒரே வீட்டுல இருக்குக்கா. இதைவிட மலிவா ஒரு வழக்கு கெடைக்காது. வெய்யில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்," என்றான்.

மெலித்தா நடந்துகொண்டே மிர்ட்டில் செடியின் கொழுந்துகளை மாலையாகப் பின்னிக்கொண்டிருந்தாள். யோசனை ஓடும்போது அவள் கை சும்மா இருக்காது.

காதல் தோல்வியில் கன்னம் ஒட்டிப்போன ஒருவனை எதிர்பார்த்துப் போன கோராக்ஸுக்குப் பெரிய ஏமாற்றம். பாலைமோன் தொந்தியும் தொப்பையுமாக, ஒரு குழந்தை மடியிலும் ஒரு குழந்தை முதுகிலுமாக உட்கார்ந்து, ஒரு குப்பியில், செத்தவர்களைப் பாதாளத்து ஆற்றைக் கடத்திவிடும் படகுக்காரனுக்குத் தாடி வரைந்துகொண்டிருந்தான். தெய்சியாஸ் மறுத்த மாதமே அடுத்த தெருவில் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டானாம். அவள் கைப்பக்குவம் அவன் வயிற்றில் தெரிந்தது. ரோதேயின் கல்யாணம் நின்ற செய்தியைக் கேட்டு அவன் முகம் நிஜமாகவே வாடியது. கல்யாணப் பரிசாக ஒரு குடம் செய்து வைத்திருப்பதாகச் சொல்லி, அதைக் காட்டியும் விட்டான். அதில் வரைந்திருந்தது இரண்டு சேவல்கள்.

"சாவை விட்டா உங்களுக்குச் சேவல்தான் வருமா?" என்று கேட்டான் கோராக்ஸ்.

"சேவலும் சரியா வராது," என்றான் பாலைமோன். பிறகு அந்தக் கோப்பைப் படத்தை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னான். படகு இருந்ததா? இல்லை. படகுக்காரன்? இல்லை. ஹெர்மீஸ் எப்படிப் பிடித்திருக்கிறார்? மணிக்கட்டை. அது பெரிய விஷயமில்லை என்றான். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையும் மணிக்கட்டைத்தான் பிடிப்பான். அந்தப் பெண் தலையைக் குனிந்திருந்தாளா?

"நிமிர்ந்திருந்தா," என்றாள் மெலித்தா.

"கண்ணு?"

மெலித்தா கண்ணைக் கவனித்திருக்கவில்லை. கோராக்ஸ் கவனித்திருந்தான்.

"உயிரோட இருந்துச்சு," என்றான். "செத்த மீனுக்குக் கண்ணு உள்ள வாங்கிடும், எவ்வளவு தண்ணி தெளிச்சாலும் அதை மட்டும் ஏமாத்த முடியாது. நானே எத்தனையோ தடவை பார்த்துட்டேன். அந்தப் பொண்ணு கண்ணு இன்னிக்குக் காலைல வலையில விழுந்த மீனு மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு."

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த வாக்குமூலம். மெலித்தா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சட்டென்று பேச்சை மாற்றி, தாகமாக இருப்பதாகச் சொன்னான்.

பாலைமோன் மதுவை ஊற்றிக்கொண்டே தலையை ஆட்டினான். "அப்ப அது சாவுச் சரக்கே இல்லம்மா. இருபது வருஷமா செத்தவங்களைத்தான் வரையறேன். என் பொண்ணுங்க ஒருத்தியும் நிமிர்ந்து பார்த்ததில்ல. அங்க போறவளுக்குப் பார்க்க என்ன இருக்கு? இவ நிமிர்ந்து எதைப் பார்க்கறா?"

"ஒண்ணும் இல்ல. கோப்பை விளிம்பைத்தான்."

"விளிம்பைப் பார்க்கறதுக்கு யாராவது கண்ணை வரைவாங்களா? எதிர்ல ஆள் இருக்கணும். நீங்க பாதிப் படத்தைப் பார்த்துட்டு வந்திருக்கீங்க."

கோராக்ஸ் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி வாயில் கவிழ்த்தான். பேட்டையில் மலிவாகக் கிடைக்கிற கோப்பை அது. வெளிப்பக்கம் முழுக்க இரண்டு பெரிய கண்கள் வரையப்பட்டிருந்தன. குடிக்கக் குடிக்க கோப்பை சாய்ந்து அவன் முகம் மறைந்தது. முகத்தின் இடத்தில் முழித்துப் பார்க்கும் இரண்டு கண்களும், காதுகள் போலக் கைப்பிடிகளும், வாய் பிளந்தாற்போலக் கோப்பையின் காலும் வந்து நின்றன. எதிரே உட்கார்ந்திருந்த மெலித்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலைமோனின் குழந்தையும் சிரித்தது.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்படியே இரு. இறக்காத," என்றாள்.

"தீர்ந்துபோச்சேக்கா."

"பரவாயில்ல. உனக்கு இப்ப என்ன தெரியுது?"

"அடியில ஒரு கழுதை இருக்கு. என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுது."

"எனக்குக் கழுதை தெரியல," என்றாள் மெலித்தா.

"என்னைப் பார்த்துக்கிட்டு அப்படிச் சொல்றவங்க நீங்க ஒருத்தர்தான்."

அவள் அதற்குள் எழுந்து தெருவுக்குப் போய்விட்டாள். பின்னிய மாலையை வழியில் தவறவிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. கோராக்ஸ் அதை எடுத்து, வேறு இடம் இல்லாததால் தன் தலையில் மாட்டிக்கொண்டு, கூடையோடு பின்னால் ஓடினான்.

தெய்சியாஸின் மனைவி சமையல்கட்டில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மெலித்தா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்க டெமீட்டர் கோப்பையில, உள்பக்கம் என்ன படம்?"

"உள்ளயா? பொண்ணு."

"என்ன பொண்ணு?"

"டெமீட்டரோட பொண்ணுதான், பாதாளத்து ராஜா தூக்கிட்டுப் போயி கட்டிக்கிட்டாரே, பெர்செஃபோனி." இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போலப் பார்த்தாள். "பாதாளத்துலேர்ந்து அம்மா வீட்டுக்குத் திரும்பி வர்றா. ஹெர்மீஸ் கையைப் பிடிச்சு மேல கூட்டிட்டு வர்றாரு. வெளிப்பக்கம் அம்மா தீவட்டி பிடிச்சுக்கிட்டுக் காத்திட்டிருக்கா. ஏன்மா? அவரு கத்துனது ஏதோ சாவுப் படம்னுல்ல?"

கோராக்ஸ் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் காலி ஆணியைப் பார்த்தான். அதற்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய கோப்பையையும் பார்த்தான். அதன் உள்பக்கம் சுவரை ஒட்டியிருந்தது; வெளிப்பக்கம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. யாரும் எதையும் மாற்றவில்லை. தினமும் சுவரில் பார்த்துப் பழகிய இந்த அம்மாவுக்கு அது டெமீட்டர் கோப்பை. குடித்து முடித்து உள்ளே பார்த்த கிரெமோனுக்கு அது ஹெர்மீஸ் கோப்பை. இரண்டும் ஒரே கோப்பை. காலையிலிருந்து இல்லாத திருடனைத் தேடி மூன்று தெரு அலைந்திருக்கிறார்கள்.

வரைந்தது யார் என்று மெலித்தா கேட்டதும் தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பதில் மாடிப்படியிலிருந்து வந்தது.

"நான்தான்."

ரோதே இறங்கி வந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கல்யாணப் பெண்ணின் கைக்கு ஆகாதபடி நகங்களுக்குள் கறுப்புச் சாந்து ஏறியிருந்தது. அப்பா சந்தைக்குப் போகிற நேரங்களில், அம்மாவுக்கு மட்டும் தெரிந்து, பட்டறையில் உட்கார்ந்து வரைந்து பழகியிருக்கிறாள். யாரோ ஒரு வேலையாள் வரைந்தது என்று நினைத்து தெய்சியாஸ் அதைச் சூளையில் வைத்துச் சுட்டிருக்கிறார். நன்றாக இருக்கிறதே என்று பாராட்டவும் செய்தாராம். நேற்று கூடத்தில் கிரெமோன் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது. வரைந்தவனை நீதிமன்றத்துக்கு இழுப்பேன் என்றார். வரைந்தது மணப்பெண்ணே என்று தெரிந்தால், வீட்டுக்குள் வருவதற்கு முன்பே சூனியத்தை அனுப்பி வைத்தவள் என்று பேர் வரும். அதற்குப் பயந்துதான் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அம்மாவுக்குன்னு வரைஞ்சதுக்கா," என்றாள். "கல்யாணம் ஆயிட்டா அந்த வீட்டு வாசலைத் தாண்ட விடமாட்டாங்க. இங்கேருந்து அரை நாழி நடைதான், ஆனா யாரு அனுப்புவாங்க? அதான், நான் வந்துட்டே இருக்கற மாதிரி ஒரு படம் அம்மாகிட்ட இருக்கட்டும்னு வரைஞ்சேன். அதைக் கொண்டுபோயி விருந்துல வெப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா இருந்துச்சுடி," என்றாள் தாய். "நாலு பேரு பார்க்கட்டுமேன்னு வெச்சேன்."

கோராக்ஸ் தன் தலையில் இருந்த மாலையைக் கழற்றி ரோதேயிடம் கொடுத்தான்.

அவர்கள் கிரெமோன் வீட்டுக்கு வந்தபோது வெயில் சுவரின் உச்சிக்குப் போய்விட்டது. கல்யாண வண்டி கொட்டிலிலேயே நின்றது. உள்கதவோரம் கிரெமோனின் மனைவி இரண்டு தீவட்டிகளோடு நின்றுகொண்டிருந்தாள். மருமகளை வாசலில் தீவட்டி காட்டி வரவேற்பது மாமியார் வேலை. ஏற்றுவதா வேண்டாமா என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஏஜினா தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வானம் தெளிவாக இருந்தால் துறைமுகத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிகிற தீவு.

சூனியம் எதுவும் இல்லை என்று மெலித்தா சொன்னதைக் கிரெமோன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது என்று கேட்டார்.

"நீங்க குடிக்கிறப்ப எதிர்ல உக்காந்திருந்தது யாரு?" என்று கேட்டாள் மெலித்தா.

லைசிஸ்தான்.

"நீ என்ன பார்த்தே தம்பி?"

"அப்பா மூஞ்சி மறைஞ்சுபோயி, அங்க டெமீட்டர் நின்னாங்க. தீவட்டி பிடிச்சுக்கிட்டு." லைசிஸ் கொஞ்சம் தயங்கினான். "நல்லா வரைஞ்சிருக்காங்களேன்னு நெனச்சேன். அப்புறம் எல்லாரும் உள்ள இருக்கற படத்தைப் பத்தியே பேசுனாங்க. வெளிய என்ன இருந்துச்சுன்னு என்னை ஒருத்தரும் கேக்கல."

அந்த நேரம் கூடத்தில் பன்னிரண்டு பேர். உள்ளே பார்த்தது ஒருவர். வெளியே பார்த்தது பதினொரு பேர். கத்தினது அந்த ஒருவர் என்பதால் பதினொரு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். மெலித்தா அதைச் சொல்லிவிட்டு, கோப்பையை எடுத்துக் காட்டலாமா என்று மறுபடி கேட்டாள். கிரெமோன் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார். தொட்டவனை அது கூட்டிக்கொண்டு போய்விடும் என்றார்.

லைசிஸ் அப்பாவைச் சுற்றிக்கொண்டு போனான். தண்ணீரைத் தாண்டினான், உப்பைத் தாண்டினான், கோப்பையை எடுத்தான். கோராக்ஸ் எங்கிருந்தோ மது ஜாடியைக் கொண்டுவந்து நீட்டினான். இதற்கெல்லாம் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வேணாம்ப்பா," என்றார் கிரெமோன். அவருக்கு இருப்பது ஒரே மகன்.

"அவளைக் கட்டிக்கலேன்னா நான் எதுக்குப்பா பத்திரமா இருக்கணும்?" என்று கேட்டுவிட்டு லைசிஸ் குடிக்கத் தொடங்கினான்.

கோப்பை மெல்லச் சாய்ந்தது. மகனின் தாடை மறைந்தது, மூக்கு மறைந்தது, கண் மறைந்தது. கிரெமோனுக்கு எதிரே, கறுப்பு மினுமினுப்பில், கதிர் சூடிய ஒரு தாய் எழுந்து நின்றாள். ஒரு கையில் தீவட்டி. மறு கை விரிந்திருந்தது, யாரையோ வாங்கிக்கொள்ளப் போவது போல. லைசிஸ் கடைசிச் சொட்டுவரை குடித்தான். குடித்துவிட்டுச் சாகாமல் நின்றான்.

கிரெமோன் மென்றுகொண்டிருந்த இலையை விழுங்கிவிட்டார். மெல்லக் கிட்டே போய், மகன் கையிலிருந்த கோப்பையின் உள்ளே ஒரு தரம், வெளியே ஒரு தரம் பார்த்தார். பிறகு மறுபடியும் உள்ளே.

"அம்மாகிட்ட வருது குழந்தை," என்றார்.

எல்லாரும் மூச்சு விட்டார்கள். விட்ட மூச்சைத் திரும்ப எடுப்பதற்குள் அவர் முகம் மறுபடி இருண்டது. விரலால் கூரையையும் சுவரையும் சுட்டிக் காட்டினார்.

"அவ பெர்செஃபோனின்னா, அப்ப என் வீடு என்ன பாதாளமா?"

கோராக்ஸ் சுற்றுமுற்றும் பார்த்தான். "பாதாளத்துல இவ்வளவு எண்ணெய் நாத்தம் அடிக்காதுங்கய்யா," என்றான்.

யார் வரைந்தது என்று கேட்டார் கிரெமோன். மெலித்தா மறைக்கவில்லை. அம்மாவுக்காக வரைந்தது என்பதையும், ஏன் என்பதையும் சொன்னாள். கிரெமோன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கோபப்படுவதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. மெலித்தா அதற்கு நேரம் கொடுக்கவில்லை.

"பாதாளத்து ராஜாவே வருஷத்துல மூணுல ரெண்டு பங்கு நாளு பொண்டாட்டியை அம்மா வீட்டுக்கு அனுப்பி வெக்கறாரு. நீங்க எத்தனை நாள் அனுப்புவீங்க ஐயா?"

இது கிரெமோனுக்குப் புரிகிற பாஷை. நிமிர்ந்து உட்கார்ந்தார். வருஷத்துக்கு இரண்டு நாள் என்று ஆரம்பித்தார். லைசிஸ் மாசத்துக்கு ஐந்து என்றான். அப்பாவும் மகனும் எண்ணெய்ச் சந்தையில் நிற்பதுபோலக் கையை வீசிப் பேரம் பேசினார்கள். கேட்டால்தானே தெரியும் என்று கோராக்ஸ் நடுவில் புகுந்து அவர்கள் கேட்காத எண்களையெல்லாம் சொன்னான். கடைசியில் மாசத்துக்கு மூன்று நாள் என்று படிந்தது. கிரெமோன் தொடையில் தட்டி முடிவாகச் சொன்னார். தான் பாதாளத்து ராஜாவுக்குக் குறைந்தவரில்லை என்ற பெருமைகூட அவர் முகத்தில் வந்திருந்தது.

"எனக்கு?"

கதவோரமிருந்து வந்தது குரல். எல்லாரும் திரும்பினார்கள். கிரெமோனின் மனைவி தீவட்டிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் அந்நிய ஆண்கள் இருக்கும்போது அவள் வாய் திறந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"எனக்கு எத்தனை நாளு?" என்று கேட்டாள். "எங்கம்மாவும் இருக்காங்க."

கிரெமோன் திணறினார். "அதான் சொல்லியிருக்கேனே. கடல் கொஞ்சம் அடங்கட்டும்னு."

"முப்பது வருஷமா அடங்கலையா?"

கோராக்ஸ் மது ஜாடியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். லைசிஸ் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கிரெமோன் மனைவியைப் பார்த்தார், அவள் தோளில் இருந்த தீவட்டியைப் பார்த்தார், மகன் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். பேரம் பேசுகிற குரல் அவரிடம் இப்போது இல்லை.

"குளிர் போனதும் முதல் படகு," என்றார். "நானே கொண்டுபோயி விடறேன்."

"நீங்க வர வேணாம். வந்தா, திரும்பலாம், படகுல ஏறு ஏறுன்னு கரையிலேயே நிப்பீங்க," என்றாள் அவள். மாடத்து விளக்கில் தீவட்டியைக் காட்டிப் பற்றவைத்துக்கொண்டு மகனிடம் திரும்பினாள். "வண்டியைப் பூட்டச் சொல்லுடா. அங்க அந்தப் பொண்ணு அழுதுட்டு உக்காந்திருக்கும்."